மேலே திருப்பிய விளக்கு

அந்த எருமை வாலை வீசியிராவிட்டால் ஜெனோவும் அவன் மகளும் அன்றைக்கே அதன் மேல் மோதியிருப்பார்கள்.

கார்த்திகை மாதம். மணி ஆறரைகூட ஆகவில்லை. ஆனால் மழைமூட்டத்தில் கருங்குளம் தாண்டியதுமே சாலை இருட்டிவிட்டது. இரண்டு பக்கமும் வாழை. எதிரே வந்த லாரியின் வெள்ளை வெளிச்சம் கண்ணில் அறைந்துவிட்டுக் கடந்துபோனது. அதற்குப் பிறகு ஜெனோவின் பழைய மோட்டார் சைக்கிள் விளக்கு சாலையில் விழுவதாகவே தெரியவில்லை. இரண்டு மூன்று வினாடி அவன் குருடனாகத்தான் ஓட்டினான். முன்னால் இருட்டுக்குள் ஒரு துண்டு இருட்டு மட்டும் அசைந்தது. பிரேக்கை மிதித்தான். பின்சக்கரம் வழுக்கி ஒரு பக்கமாக இழுத்தது. வண்டி நின்றபோது எருமையின் விலா கை எட்டும் தூரத்தில் இருந்தது. சேற்று வாடையும் அதன் உடம்புச் சூடும் முகத்தில் அடித்தன.

“அப்பா, எரும,” என்றாள் பின்னாலிருந்து ஷெரின், ரொம்பச் சாதாரணமாக.

எருமை அவசரமில்லாமல் சரிவில் இறங்கிப் போனது. ஜெனோ இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டான். மகளின் தலை அவன் முதுகில் சாய்ந்திருந்தது. எட்டு வயதுத் தலை. அதில் ஹெல்மெட் இல்லை. இத்தனை நாளும் அது அவன் கண்ணில் படாமலேயே இருந்திருக்கிறது.

ஜெனோ பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் உதவியாளர். ஷெரின் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அவன் மனைவி ஜெசி, ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அவளுக்கு டியூட்டி மாறி மாறி வரும் என்பதால் ஸ்ரீவைகுண்டத்தில் வீடு பிடித்திருந்தார்கள். ஆய்வக வேலை முடிந்து கிளம்ப மாலை ஆறாகிவிடும்; அந்த நேரத்துக்கு ரயில் ஒத்துவரவில்லை. பஸ்ஸில் ஏறினால் ஷெரின் வாந்தி எடுப்பாள். அதனால் போக முப்பது கிலோமீட்டர், வர முப்பது என்று தினமும் மோட்டார் சைக்கிளில்தான் போக்குவரத்து.

அன்று வீட்டில் நுழைந்ததும் ஷெரின் செய்தியைச் சொல்லிவிட்டாள். “எம்மா, நாங்க எரும மேல இடிக்கப் பாத்தோம்.”

ஜெசி கத்தவில்லை. மகளைச் சாப்பிட வைத்துப் படுக்கப் போட்டுவிட்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

“எங்க ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் வந்து நின்னா நான் மொதல்ல எதப் பாப்பேன் தெரியுமா? செருப்பத்தான். நம்ம பிள்ள செருப்பான்னு. அது இல்லன்னு தெரிஞ்ச பெறகுதான் ஆள் மூஞ்சியப் பாக்குதேன். தெனமும் இப்படித்தான் இருக்கேன்.”

“இனிமே பாத்து ஓட்டுதேன் ஜெசி.”

“இருட்டுல எதப் பாத்து ஓட்டுவீங்க? அவளுக்கு ஹெல்மெட் வாங்குங்க. வண்டிக்கு நல்ல வெளிச்சம் போடுங்க. இல்லைன்னா அவ இங்கன உள்ள பள்ளிக்கூடத்துலயே படிக்கட்டும்.”

சனிக்கிழமை ஜெனோ ஷெரினைக் கூட்டிக்கொண்டு போய் அவள் தலைக்கு அளவான ஹெல்மெட் வாங்கினான். கடைக்காரர் அதை மாட்டிவிட்டுத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லி, ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துக் கொடுத்தார். பிள்ளையின் தோளில் மாட்டி ஓட்டுபவரின் இடுப்போடு சேர்த்துப் பூட்டுகிற பெல்ட் ஒன்றும் வாங்கினான். அங்கிருந்து மேலப்பாளையத்தில் மீரா முகைதீனின் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை விட்டான்.

மீரா முகைதீன் அதிகம் பேசமாட்டார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். பேட்டரியைக் கழற்றிச் சோதித்தார். பிறகு முன்பக்கத்து இரும்புக் கம்பியில் பக்கத்துக்கு ஒன்றாக, உள்ளங்கை அளவில் இரண்டு விளக்குகளைப் பொருத்தினார்.

“இதுக்குத் தனியா ரிலே, ஃபியூஸ் எல்லாம் போட்டிருக்கேன் சார். ஹெட்லைட் வயர்லேர்ந்து நேரா எடுத்தா வயர் உருகி, இருக்கிற வெளிச்சமும் நடு ரோட்டுல போயிரும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.”

கைப்பிடியில் கட்டைவிரலுக்கு எட்டும்படி ஒரு சுவிட்ச் வைத்தார். அதோடு முடிந்தது என்று ஜெனோ நினைத்தான். ஆனால் மீரா முகைதீன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் எதிர்ச் சுவருக்குப் பத்தடி தள்ளி நிறுத்தினார். ஜெனோவையும் ஷெரினையும் அதில் ஏறி உட்காரச் சொன்னார். ஹெட்லைட் உயரத்தை அளந்து சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு கிழித்தார். விளக்குகளைப் போட்டு, வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு சாண் இறங்கும்வரை ஸ்பானரால் திருகித் திருகி வைத்தார்.

“ஆள் ஏறினா பின்பக்கம் இறங்கி வெளிச்சம் மேல போவும். அதான் ஏறச் சொன்னேன். இது ரோட்டப் பாக்கதுக்கு சார். எதிர வாரவன் மூஞ்சியப் பாக்கதுக்கு இல்ல.”

“இன்னும் கொஞ்சம் தூரம் தெரிஞ்சா நல்லா இருக்குமே பாய்.”

“தூரம் தெரியலன்னா பைய ஓட்டுங்க. வெளிச்சம் எட்டுத தூரத்துக்குள்ள வண்டி நிக்கணும். எதிர வண்டி வந்தா சுவிட்சத் தட்டி இந்த லைட்ட அமத்திருங்க. ஊருக்குள்ள போடவே போடாதீங்க.”

திங்கட்கிழமை மாலை அந்த வெளிச்சத்தில் ஓட்டினான். சக்கரத்துக்கு முன்னால் கிடந்த குழி, கல், தவளை எல்லாம் தெரிந்தன. ஆனால் அந்த வெளிச்சம் முடிகிற இடத்தில் இருட்டு சுவர் மாதிரி நின்றது. முன்பு எல்லாமே மங்கலாக இருந்தது; இப்போது இருட்டுக்கு ஒரு விளிம்பு வந்திருந்தது. அந்த விளிம்புக்கு அப்பால் எருமை நிற்கிறது, மாட்டுவண்டி நிற்கிறது, விளக்கில்லாத டிராக்டர் நிற்கிறது என்று அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. வீடு வந்து சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மறுநாள் ராத்திரி ஜெசி டியூட்டிக்குப் போன பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான். ஷெரின் டார்ச் பிடித்தாள். இரண்டு விளக்கின் போல்ட்டையும் தளர்த்தி, ஒரு விரற்கடை மேலே திருப்பி, மறுபடி இறுக்கினான். போட்டுப் பார்த்தான். தெருக்கோடி வேப்பமரத்தின் உச்சிவரை பகலாகத் தெரிந்தது.

“சூப்பர்ப்பா,” என்றாள் ஷெரின்.

அதற்குப் பிறகு அவனுக்குப் பயம் குறைந்தது. சாலை வெகுதூரம் வெள்ளையாக விரிந்து கிடந்தது. நாற்பதில் போனவன் ஐம்பதில் போனான். சில நாள் அறுபதையும் தொட்டான். எதிரே வந்தவர்கள் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினார்கள். சிலர் கையைத் தூக்கித் திட்டினார்கள். ஊருக்குப் பாதை பிரிகிற புதுக்குடி விலக்கில் ஒருவன், “ஏலே, லைட்ட எறக்குலே!” என்று கத்தியது காதில் விழத்தான் செய்தது. லாரிக்காரன் எனக்கு எறக்கினானா என்று ஜெனோ மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டான்.

“அப்பா, நம்மளப் பாத்து எல்லாரும் கண்ண மூடுதாங்க,” என்றாள் ஷெரின் ஒருநாள்.

“நம்ம கண்ணு தெறந்திருக்குல்லா. அது போதும்.”

மார்கழி பிறக்க இன்னும் ஏழெட்டு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை. பள்ளியில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகை முடிய நேரமாகிவிட்டது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. கருங்குளம் தாண்டி, சாலை வளையும் இடத்துக்கு வந்தபோது மணி ஆறே முக்கால். அங்கே வலப்பக்கம் சாலையை ஒட்டியே வாய்க்கால் ஓடும். மழைத்தண்ணீரும் சேர்ந்து அன்றைக்குக் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

எதிரே ஒற்றை மஞ்சள் விளக்கு வந்தது.

ஜெனோவின் கட்டைவிரல் சுவிட்சின் மேல் இருந்தது. ஆனால் எருமை நின்ற இடம் அந்த வளைவுதான். அணைத்தால் ஒன்றும் தெரியாது. அணைக்கவில்லை. அவன் விளக்கு எதிர்வண்டியின் மேல் முழுவதுமாக விழுந்தது. பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு சின்னப் பையன், முகத்தைச் சுருக்கிக்கொண்டு. அவனுக்குப் பின்னால் ஓட்டுகிற ஆள். அந்த ஆள் ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்துக் கண்ணை மறைத்தான். அவன் தோளுக்கு மேலே இன்னொரு சின்னத் தலை. வண்டி ஒருமுறை ஆடியது. அதற்குள் ஜெனோ அவர்களைக் கடந்துவிட்டான்.

பின்னால் சத்தம் எதுவும் கேட்டதா என்று அவனால் பிற்பாடு எத்தனை யோசித்தும் சொல்ல முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தான். அங்கே இருந்திருக்க வேண்டிய சிவப்பு விளக்கு இல்லை.

“அப்பா, அந்த வண்டியக் காணும்.”

“வளைவுல திரும்பியிருப்பாங்கம்மா.”

“இல்லப்பா. நான் திரும்பிப் பாத்தேன். கீழ போயிட்டு.”

அவன் வண்டியை நிறுத்தவில்லை. நின்றால் ஆள் கூடும். கூடினால் அடிப்பார்கள். பிள்ளை கூட இருக்கிறாள். அடிக்கிறவன் பிள்ளையைப் பார்த்தா அடிப்பான்? பின்னால் வேறு வண்டி வரும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதெல்லாம் வரிசையாக மனதில் ஓடியது, வண்டியும் ஓடியது. பின்னால் வேறு வண்டி எதுவும் வரவில்லை. கண்ணாடியில் இருட்டு மட்டும்தான் இருந்தது.

ஷெரின் அவன் வயிற்றைக் கட்டியிருந்த கையை எடுத்து முதுகில் தட்டினாள். “அப்பா, திரும்புங்க. அதுல பாப்பா இருந்தாங்க. திரும்புங்கப்பா.”

அவன் திரும்பினான்.

வளைவில் சாலையோரப் புல் கிழிந்து, செம்மண்ணில் ஒரு சக்கரத் தடம் நேராகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. தடத்துக்குப் பக்கத்தில் ஆறேழு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. நெற்றியில் ரத்தம். அழவில்லை. கையை நீட்டித் தண்ணீரைக் காட்டிக்கொண்டே நின்றாள்.

கீழே மார்பளவுத் தண்ணீரில் அவள் அப்பா. முங்குகிறான், எழுகிறான், மறுபடி முங்குகிறான். எழும்போதெல்லாம் ஒரே குரல்தான். “ஏலே கண்ணு! கண்ணு! ஏலே எய்யா!”

ஜெனோ பெல்ட்டைக் கழற்றி ஷெரினை இறக்கினான். “அந்தப் பிள்ள கையப் புடிச்சிக்கோ. ரெண்டு பேரும் இந்தக் கல்லுகிட்ட நில்லுங்க. ரோட்டுக்கு வராதீங்க. வண்டி எது வந்தாலும் கத்து.” வண்டியைத் தண்ணீரைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு விளக்கும் எரிந்தன.

வெளிச்சம் தண்ணீரில் விழவில்லை. வாய்க்காலைத் தாண்டி அக்கரை வாழைகளின் கொண்டையில் போய் விழுந்தது. கீழே தண்ணீர் கறுப்பாகவே கிடந்தது.

அவன் விளக்கைக் கையால் பிடித்து அழுத்தினான். உள்ளங்கை சுட்டது. அவனே இறுக்கிய போல்ட், அசையவில்லை. காலால் உதைத்தான். அசையவில்லை. ஓரத்தில் கிடந்த கல்லை எடுத்து மேலிருந்து ஓங்கி அடித்தான். ஒன்று நொறுங்கி அணைந்தது. அடுத்ததைப் பார்த்து அடித்தான். அது கம்பியோடு வளைந்து கீழே திரும்பியது. பழுப்புத் தண்ணீரும், அதில் சுழித்துப் போகும் ஆகாயத்தாமரையும் தெரிந்தன. கொஞ்ச தூரம் தள்ளி மதகு. மதகின் வாயில் ஆகாயத்தாமரை மெத்தையாக அடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே சிவப்பாக ஏதோ.

“அங்கன! மதகுப் பக்கம்!” என்று கத்திக்கொண்டே குதித்தான்.

தண்ணீர் இழுத்தது. செடியின் வேர்கள் காலைச் சுற்றின. சிவப்பைப் பிடித்தான். துணி. துணிக்குள் உடம்பு இருந்தது. இழுத்தால் வரவில்லை, ஒரு கால் கீழே எங்கோ மாட்டியிருந்தது. அந்த ஆளும் நீந்தி வந்து சேர்ந்தான். இரண்டு பேரும் முங்கி, வேரைப் பிய்த்து, பையனை மேலே தூக்கினார்கள். மூன்று வயது இருக்கும். தலை தொங்கியது. வாயில் சேறு.

கரையில் போட்டபோது மூச்சு இல்லை.

மூச்சு நின்றவருக்குச் செய்யும் முதலுதவியை ஜெசி ஒருமுறை பள்ளியில் ஆசிரியர்களுக்கெல்லாம் ஒரு பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஜெனோ அப்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து பாதிதான் கவனித்தான். அந்தப் பாதியை நினைவுக்குக் கொண்டுவந்தான். வாயிலிருந்த சேற்றை விரலால் வழித்தான். மூக்கோடு வாயோடு சேர்த்துத் தன் வாயை வைத்து ஊதினான். நெஞ்சு மேலே எழுந்தது. இறங்கியது. மறுபடி ஊதினான். ஒரு கையால் நெஞ்சை அமுக்கினான். எண்ணிக்கை மறந்துபோய்விட்டது. “கர்த்தாவே, கர்த்தாவே” என்பதைத்தான் எண்ணிக்கையாக வைத்துக்கொண்டான்.

தகப்பன் மண்டியிட்டுப் பையனின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். “ஏலே கண்ணு, அப்பா இங்கன இருக்கேன்லே.”

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பையனின் வயிறு ஒரு வெட்டு வெட்டியது. வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. இருமினான். பிறகு ஒரு சின்னக் குரல், ஆட்டுக்குட்டி மாதிரி.

சாலையில் ஷெரின் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். வாழைத்தார் ஏற்றிவந்த லோடு ஆட்டோ ஒன்று நின்றிருந்தது.

ஜெனோ தன் வண்டியை அணைத்து ஓரமாகப் பூட்டினான். ஆட்டோவின் பின்னால் தார்களுக்கு நடுவே எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். அந்த ஆள் பையனை மடியில் வைத்து மூடிக்கொண்டிருந்தான். பெயர் பலவேசம், கருங்குளம், வாழை விவசாயம். பையன் சுடலைக்கண்ணு, மூத்தவள் பேச்சி. ஸ்ரீவைகுண்டத்தில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். இதையெல்லாம் அவனாகவே சொன்னான், யாரும் கேட்காமலே, நிறுத்தாமல். நிறுத்தினால் ஏதாவது ஆகிவிடும் என்பது போல.

ஜெசி அன்றைக்கு மாலை டியூட்டி. ஆட்டோ அவள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்ற சத்தத்தில் வெளியே ஓடிவந்தாள். அவள் கண் முதலில் தொங்கிக்கொண்டிருந்த சின்னக் கால்களுக்குத்தான் போனது. அதில் ஒரு ஜோடிக் காலில் ஷெரினின் வெள்ளைப் பள்ளிக்கூட ஷூ. ஒரு கணம் அவள் முகம் செத்துப்போனது. அப்புறம் ஷெரின் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் கையை நீட்டி பலவேசத்தின் மடியிலிருந்த பையனை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அரைமணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். மூச்சு சீராக இருக்கிறது, நெஞ்சில் தண்ணீர் போயிருக்கும், திருநெல்வேலிக்கு அனுப்பி இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்க்க வேண்டும், பயப்பட வேண்டாம் என்றார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. பேச்சியின் நெற்றியில் மூன்று தையல்.

பலவேசம் வராந்தாவில் வந்து ஜெனோவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். ஈரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“எவனோ ஒருத்தன் சார். மூஞ்சியில ரெண்டு லைட்ட அடிச்சான் பாத்துக்கிடுங்க, ரோடு எது வாய்க்கால் எதுன்னு தெரியல. நின்னானா? திரும்பியாவது பாத்தானா? நீங்க தெய்வமா வந்தீங்க. வரலைன்னா எம் பிள்ள மதகுலயே கெடந்திருப்பான்.”

ஜெனோவால் கையை உருவ முடியவில்லை. வாயைத் திறந்தான். “பையன் நல்லா ஆயிருவான்,” என்பதுதான் வந்தது. அந்த ஆள் இருட்டில், நடுக்கத்தில், எதையும் கவனிக்கவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்ததும் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதிதான் அவனைப் பயமுறுத்தியது.

உள் அறையில் ஜெசி ஷெரினின் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை விட்டு விட்டு அழுதாள்.

“பாப்பா பொழச்சிட்டான்ல. இன்னும் எதுக்கு அழுத?”

“நான்தானம்மா டார்ச் புடிச்சேன்.”

“எந்த டார்ச்?”

“அப்பா லைட்ட மேல திருப்புனப்ப. நான்தான் புடிச்சேன். நான் சூப்பர்னு சொன்னேன்.”

ஜெசி நிமிர்ந்து வாசலில் நின்ற ஜெனோவைப் பார்த்தாள். “என்ன சொல்லுதா இவ?”

அவன் எல்லாவற்றையும் சொன்னான். நிற்காமல் போனதையும் சொன்னான். ஜெசி துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

“அந்த ஆள்ட்டப் போய்ச் சொல்லுங்க.”

“அடிப்பாரு ஜெசி.”

“அடிச்சா மருந்து போட நான் இருக்கேன். எட்டு வயசுப் பிள்ள இதச் சொமந்துக்கிட்டு இருக்கணுமா? போங்க.”

ஜெனோ வராந்தாவுக்குப் போனான். பலவேசம் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்.

“அண்ணாச்சி, அந்த லைட்டு என் வண்டி லைட்டுதான்.”

பலவேசத்துக்குப் புரியவில்லை.

“உங்க கண்ணுல அடிச்சது நான்தான். சுவிட்ச அமத்தியிருக்கணும். அமத்தல.”

பலவேசம் சுவரைவிட்டு நிமிர்ந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். “எவ்வளவு தூரம் போயிட்டுத் திரும்பினீரு?”

“அரைக் கிலோமீட்டர் இருக்கும்.”

“அவ்வளவு தூரம் நீரு போயிட்டு வாரவரைக்கும் அவன் தண்ணிக்குள்ள கெடந்திருக்கான்.”

“ஆமா.”

பலவேசம் அவன் சட்டையைப் பிடித்தான். கை ஓங்கவில்லை. பிடித்த பிடி மட்டும் இறுகிக்கொண்டே போய், கழுத்துப் பொத்தான் தெறித்தது. அப்போது ஆம்புலன்ஸ் வந்தது. பலவேசம் கையை விட்டுவிட்டுப் பையனைத் தூக்கப் போனான். ஏறிக் கதவைச் சாத்தும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை விடியுமுன் போய் வண்டியை எடுத்துவந்து விளக்குகளைக் கழற்றிவைத்த ஜெனோ, அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைவரை வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. தெருவில் வண்டி எது நின்றாலும் போலீஸ் என்று நினைத்தான். இரண்டு மூன்று ஆட்கள் சேர்ந்து நடந்துவந்தால் பலவேசத்தின் சொந்தக்காரர்கள் என்று நினைத்தான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது: பையனுக்கு ராத்திரியில் ஏதாவது ஆகியிருந்தால்? ஜெசி தெரிந்த நர்ஸ்களிடம் போன் போட்டுக் கேட்டு, “காய்ச்சல் இருக்கு, ஆனா பால் குடிக்கான்,” என்று சொன்னாள். அதற்கு மேல் அவனோடு பேசவில்லை.

திங்கட்கிழமை அவன் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போனான். வார்டு வாசலில் நின்று பார்த்தான். சுடலைக்கண்ணு கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அம்மா. பலவேசம் ஜெனோவைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தான்.

“இங்கன எதுக்கு வந்தீரு?”

“பையனப் பாக்கணும்னு.”

“பாத்தாச்சுல்லா.” பலவேசம் வார்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். “நான் கேஸு குடுக்கல. குடுத்தா, சின்னப் பயல டேங்க்குல வச்சு, ரெண்டு பிள்ள தலையிலயும் ஒண்ணும் இல்லாம ஏன்வே ஓட்டுனேன்னு என்னையும் கேப்பான். கேக்கட்டும், அது ஞாயந்தான். ஆனா அவளுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டா. ஆரோ காப்பாத்துனாங்கன்னு மட்டும் சொல்லியிருக்கேன். நீரு திரும்பி வந்தீரு. அதையும் நான் மறக்கல. போயிட்டு வாரும். இனி வர வேண்டாம்.”

ஜெனோ தலையாட்டினான். நாலு எட்டு வைத்திருப்பான்.

“அந்த லைட்ட என்ன செஞ்சீரு?” என்று பின்னாலிருந்து கேட்டான் பலவேசம்.

“கழட்டிட்டேன்.”

“மறுபடி மாட்டும். அந்த ரோட்டுல லைட்டு இல்லாமலும் முடியாது. எறக்கி வச்சு ஓட்டும்.”

மீரா முகைதீன் நொறுங்கிய விளக்கையும் வளைந்த கம்பியையும் பார்த்தார். போல்ட்டில் ஸ்பானர் பட்ட தழும்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். நடந்ததை ஜெனோ சொல்லி முடித்தபோது, “அல்லா,” என்று மட்டும் சொன்னார். புதிய விளக்கை மாட்டி, மறுபடி சுவரின் முன் நிறுத்தி அளவு வைத்தார். இந்தத் தடவை போல்ட்டின் மேல் பிசின் மாதிரி ஏதோ ஒன்றைத் தடவிக் காயவிட்டார். இனி யாரும் எளிதில் திருப்ப முடியாது.

ஆனால் ஷெரின் வண்டியில் ஏற மறுத்துவிட்டாள். காலை ஏழு மணி பஸ்ஸில் அப்பாவும் மகளும் போனார்கள். கையில் எலுமிச்சம்பழம், மடியில் பாலிதீன் பை. முதல் வாரம் தினமும் வாந்தி எடுத்தாள். “வண்டியில போவமா?” என்று ஜெனோ கேட்டதற்கு, வாயைத் துடைத்துக்கொண்டு, “வேண்டாம்ப்பா,” என்றாள். டார்ச் பிடித்ததில் ஒரு தப்பும் இல்லை, எல்லாத் தப்பும் அப்பாவுடையது என்று அவன் பலமுறை சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

தை பாதி போன பிறகு ஒருநாள் பஸ் வரவில்லை. நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு அவளாகவே, “வீட்டுக்குப் போய் வண்டிய எடுங்கப்பா, நேரமாவுது,” என்றாள். ஹெல்மெட்டை அவளே மாட்டிக்கொண்டாள். பெல்ட்டை இரண்டுமுறை இழுத்துப் பார்த்தாள்.

அன்று மாலை திரும்பும்போது கருங்குளம் தாண்டியதுமே விளக்குப் போட வேண்டியதாகிவிட்டது. வேகமுள் நாற்பதுக்குக் கீழேயே நின்றது. வளைவு வருவதற்கு முன்பே ஷெரினின் கை அவன் வயிற்றை இறுக்கத் தொடங்கியது. எதிரே ஒரு வண்டியின் விளக்கு தெரிந்தது. கட்டைவிரலால் சுவிட்சை அமர்த்தினான். வேகத்தை இன்னும் குறைத்து, இடப்பக்க ஓரத்துக்கு ஒதுங்கி, கிட்டத்தட்ட நின்றான்.

அவர்களைச் சுற்றி இருட்டு வந்து மூடியது. பழைய ஹெட்லைட்டின் மங்கலில் முன்னால் எது இருக்கிறது என்று தெரியவில்லை. வாய்க்கால் தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது.

எதிர்வண்டி அருகே வந்தது. ஒரு வயதான ஆள். பின்னால் அரிசி மூட்டை. கடந்து போனார்.

“போயிட்டாங்கப்பா,” என்றாள் ஷெரின், திரும்பிப் பார்த்துவிட்டு. “சிவப்பு லைட்டு தெரியுது. நேராத்தான் போறாங்க.”

ஜெனோ விளக்கைப் போட்டான். சக்கரத்துக்கு முன்னால் கொஞ்ச தூரம் சாலை தெரிந்தது. அந்தக் கொஞ்ச தூரத்தைப் பார்த்தபடியே பைய வண்டியை எடுத்தான். வீட்டுக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர் இருந்தது.